சிலிண்டருக்குள் எத்தனை கிலோ வாயு? நல்லியல்பு வாயுச் சமன்பாட்டால் நிறை காணும் முழுமையான வழிகாட்டி

2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, நாளிதழ்கள் ஆக்சிஜனை மெட்ரிக் டன் கணக்கில் எழுதின. மருத்துவமனை வாசலில் நின்ற குடும்பங்களுக்குத் தெரிந்ததோ சிலிண்டரும், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதும்தான். ஒரு டன் ஆக்சிஜன் என்றால் எத்தனை சிலிண்டர்? அது ஒரு நோயாளிக்கு எத்தனை நாளைக்கு வரும்? பதினோராம் வகுப்பு வேதியியலில் வரும் ஒரு சமன்பாடு இதற்கு விடை சொல்லிவிடும்.

அந்தச் சமன்பாட்டைப் பலரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் எதிரே நிற்கும் சிலிண்டரின் அழுத்தமானியைப் பார்த்து உள்ளே எத்தனை கிலோ வாயு என்று கேட்டால் தடுமாறுகிறார்கள். காரணம், பாடப்புத்தகக் கணக்கில் எண்களை யாரோ ஒழுங்குபடுத்திக் கொடுத்துவிடுகிறார்கள்; வெளியே அந்த வேலையை நாமே செய்தாக வேண்டும். ஆகவே இங்கே பெருக்கல், வகுத்தலைவிட எந்த எண்ணை எடுப்பது, எப்படி மாற்றுவது என்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

சமன்பாடும் அதன் நிறை வடிவமும்

வெப்பநிலை மாறாதபோது அழுத்தம் கூடினால் வாயுவின் கனஅளவு அதே விகிதத்தில் குறையும் என்பதை 1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்டார். வெப்பநிலைக்கும் கனஅளவுக்கும் உள்ள தொடர்பை 1802இல் கே-லுசாக் வெளியிட்டார். தமக்கு முன்பே சார்லஸ் அதைக் கண்டிருந்தார் என்பதையும் அவரே குறிப்பிட்டார். ஒரே அழுத்தத்திலும் ஒரே வெப்பநிலையிலும் சம கனஅளவுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சமம் என்ற கருத்தை 1811இல் அவகாட்ரோ முன்வைத்தார். பாயிலின் விதியையும் கே-லுசாக்கின் விதியையும் ஒரே சமன்பாடாக 1834இல் எழுதியவர் கிளாபெய்ரான். இன்று நாம் பயன்படுத்தும் வடிவம் இது:

அழுத்தம் × கனஅளவு = மோல் எண்ணிக்கை × வாயு மாறிலி × வெப்பநிலை

இதில் நிறை நேரடியாக இல்லை. மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அலகு; ஒரு மோல் வாயுவின் நிறைதான் மோலார் நிறை. ஆகவே மோல் எண்ணிக்கை என்பது நிறையை மோலார் நிறையால் வகுத்தால் வருவது. அதை இட்டு மாற்றி எழுதினால்:

நிறை = (அழுத்தம் × கனஅளவு × மோலார் நிறை) ÷ (வாயு மாறிலி × வெப்பநிலை)

நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது வரிதான். நமக்கு எடுத்துக்காட்டாக ஒரு மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டர்: இந்திய மருத்துவமனைகளில் டி வகை என்று அழைக்கப்படும் பெரிய சிலிண்டர். அதன் நீர்க் கொள்ளளவு 46.7 லிட்டர். அழுத்தமானி 150 காட்டுகிறது. அறையின் வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ்.

படி 1: உள்ளே இருப்பது முழுக்க வாயுவா?

எண்களைத் தொடும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன், ஹீலியம், ஆர்கான் ஆகியவை அறை வெப்பநிலையில் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாவதில்லை. சிலிண்டருக்குள் அவை வாயுவாகவே இருக்கும். வாயு வெளியேற வெளியேற அழுத்தமும் அதே அளவில் இறங்கும்.

சமையல் எரிவாயு அப்படியல்ல. 14.2 கிலோ சிலிண்டருக்குள் பெரும்பகுதி திரவம். மேற்பரப்பில் மட்டுமே ஆவி. கடைசிச் சொட்டுத் திரவம் தீரும்வரை அழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும், ஆகவே அழுத்தத்தை வைத்து நிறையைச் சொல்ல முடியாது. அழுத்தம் 8 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு; வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார்) என்று வைத்துக்கொண்டு இந்தச் சமன்பாட்டைப் போட்டால் அரை கிலோவை ஒட்டித்தான் விடை வரும். அந்த சிலிண்டருக்கு ஒரே வழி தராசு. வெற்று சிலிண்டரின் எடை அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. மொத்த எடையிலிருந்து அதைக் கழித்தால் போதும். தீயணைக்கும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்கும் இதே விதி.

படி 2: வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாற்றுங்கள்

செல்சியஸ் எண்ணுடன் 273.15 கூட்டவும். 27 டிகிரி என்பது 300 கெல்வின். இதை மறந்து 27 என்றே போட்டால் விடை பதினோரு மடங்கு பெருகிவிடும்.

எந்த வெப்பநிலை என்பதிலும் கவனம் வேண்டும். சமன்பாடு கேட்பது வாயுவின் வெப்பநிலையை. சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானி காட்டுவது அறையின் வெப்பநிலையை. பல மணி நேரம் ஒரே இடத்தில் நின்ற சிலிண்டரில் இரண்டும் ஒன்றாகிவிடும். வெயிலில் லாரியில் வந்திறங்கிய சிலிண்டரில் ஒன்றாக இருக்காது. நமது சிலிண்டரே 45 டிகிரி வரை சூடேறினால் 150 காட்டிய முள் 159 காட்டும். ஒரு கிராம் ஆக்சிஜன்கூட அதிகரிக்கவில்லை. அதேபோல் நிரப்பி முடித்த சூட்டோடு இருக்கும் சிலிண்டரின் முள் ஆறும்போது இறங்கும். அதைக் கசிவு என்று எண்ணிப் பதற வேண்டாம்.

படி 3: அழுத்தம், இங்கேதான் கவனம் முழுதும் தேவை

முதலில் அலகு. நம் ஊரில் நிரப்பு நிலையத்தில் '150 கிலோ பிரஷர்' என்பார்கள். இந்தக் கிலோ வாயுவின் நிறை அல்ல. சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ எடையின் அழுத்தம் என்பதன் சுருக்கம். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்பது 0.981 பார். ஆகவே 150 என்பது 147.1 பார். அழுத்தமானியில் பிஎஸ்ஐ எண்ணும் இருக்கலாம், 14.5 பிஎஸ்ஐ சேர்ந்தால் ஒரு பார்.

அடுத்தது, முள் சுழியில் நிற்பதன் பொருள். அழுத்தமானி வெளிக்காற்றின் அழுத்தத்தைச் சுழியாக வைத்துக்கொண்டு அதற்கு மேற்பட்டதை மட்டுமே காட்டுகிறது. சமன்பாட்டுக்குத் தேவை முழு அழுத்தம். ஆகவே வெளிக்காற்றின் 1.01 பாரைக் கூட்ட வேண்டும்: 147.1 + 1.0 = 148.1 பார்.

இந்த ஒரு பார் சிலிண்டரில் பெரிய வேறுபாடு தராது; ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் கார் டயருக்கு வாருங்கள். 32 பிஎஸ்ஐ காட்டும் டயரில் முழு அழுத்தம் 46.7 பிஎஸ்ஐ. வெளிக்காற்றைக் கூட்ட மறந்தால் உள்ளே இருக்கும் காற்றில் மூன்றில் ஒரு பங்கு கணக்கிலிருந்தே காணாமல் போய்விடும். ஒரே தவறு ஓரிடத்தில் அற்பம், இன்னோரிடத்தில் விடையையே கெடுத்துவிடும். அதனால்தான் எண் சிறிதோ பெரிதோ எப்போதும் கூட்டிவிடுங்கள் என்கிறேன். முள் சுழியைத் தொட்ட 'காலி' டி சிலிண்டருக்குள்ளும் சுமார் 60 கிராம் ஆக்சிஜன் இருக்கிறது.

படி 4: கனஅளவு

வாயு தான் இருக்கும் கலம் முழுதும் பரவிவிடும். எனவே வாயுவின் கனஅளவு என்பது கலத்தின் உள்கொள்ளளவுதான். சிலிண்டரின் தோள்பட்டையில் பொறிக்கப்பட்டிருக்கும் நீர்க் கொள்ளளவு அந்த எண். டி வகையை '7 கனமீட்டர் சிலிண்டர்' என்றும் சொல்வார்கள். அது உள்ளிருக்கும் வாயுவை வெளியே சாதாரண அழுத்தத்தில் விட்டால் எவ்வளவு இடம் அடைக்கும் என்பது. இந்த 7 கனமீட்டரையும் 148 பாரையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் விடை நூற்றைம்பது மடங்கு பெரிதாகிவிடும். உள்கொள்ளளவோடு உள்ளழுத்தம், வெளிக் கனஅளவோடு வெளியழுத்தம்; இரண்டையும் கலக்கக் கூடாது.

படி 5: மோலார் நிறை

ஆக்சிஜன் வாயுவின் மூலக்கூறில் இரண்டு அணுக்கள். ஆகவே மோலுக்கு 32 கிராம்; 16 அல்ல. நைட்ரஜன் 28, ஹைட்ரஜன் 2. ஹீலியமும் ஆர்கானும் ஒற்றை அணு வாயுக்கள்: 4, 40. உலர்ந்த காற்று ஒரு கலவை. அதன் சராசரி 28.97.

ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிட இலேசானது. கேட்கும்போது நம்பக் கடினமாக இருக்கும். ஆனால் ஒரே அழுத்தத்திலும் வெப்பநிலையிலும் நீராவி மூலக்கூறு ஒன்று உள்ளே வர, நைட்ரஜன் அல்லது ஆக்சிஜன் மூலக்கூறு ஒன்று வெளியேறியாக வேண்டும். 28ஐயும் 32ஐயும் வெளியேற்றிவிட்டு உள்ளே வரும் நீராவியின் மோலார் நிறை 18 மட்டுமே. 30 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்றின் சராசரி மோலார் நிறை 28.5க்கு இறங்கிவிடுகிறது.

படி 6: மாறிலியும் அலகுகளும்

வாயு மாறிலி ஒன்றுதான். அலகுக்கு ஏற்ப எண் மாறும். அழுத்தம் பாஸ்கலிலும் கனஅளவு கனமீட்டரிலும் இருந்தால் 8.314. பாரும் லிட்டரும் என்றால் 0.08314. வளிமண்டல அழுத்தமும் லிட்டரும் என்றால் 0.08206. சிலிண்டர் கணக்குக்கு இரண்டாவதையே நான் விரும்புகிறேன். கையில் இருக்கும் எண்களை அப்படியே போடலாம், பத்தின் அடுக்குகளில் சறுக்கும் வாய்ப்பும் குறைவு.

படி 7: கணக்கைப் போடுவோம்

மேலே: 148.1 × 46.7 = 6916
கீழே: 0.08314 × 300 = 24.94
மோல் எண்ணிக்கை: 6916 ÷ 24.94 = 277.3
நிறை: 277.3 × 32 = 8874 கிராம், அதாவது சுமார் 8.9 கிலோ

நேரடியாக நிறை வடிவத்திலேயே போடலாம் என்றாலும் மோல் எண்ணிக்கையைத் தனியாக எழுதிக்கொள்வது நல்லது. விடை பொருந்தி வருகிறதா என்று பார்க்க அது உதவும்.

படி 8: விடையை உடனே சோதியுங்கள்

300 கெல்வினிலும் சாதாரண வளிமண்டல அழுத்தத்திலும் எந்த வாயுவானாலும் ஒரு மோல் சுமார் 24.6 லிட்டர் இடம் அடைக்கும். இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்திருங்கள். நமது 277.3 மோலை அதனால் பெருக்கினால் 6800 லிட்டர் சொச்சம். சிலிண்டரின் பெயரே 7 கனமீட்டர், அதாவது 7000 லிட்டர். விடை சரியான தடத்தில்தான் இருக்கிறது.

இந்தப் பழக்கம் பெரிய தவறுகளை எல்லாம் பிடித்துவிடும். கெல்வினை மறந்திருந்தால் விடை 98 கிலோ என்று வந்திருக்கும். 32க்குப் பதில் 16 போட்டிருந்தால் மோல் எண்ணிக்கை சரியாக இருந்தும் நிறை பாதியாகியிருக்கும். முதலாவதை லிட்டர் சோதனை காட்டிக்கொடுக்கும். இரண்டாவதைக் காட்டிக்கொடுக்காது, ஆகவே மோலார் நிறையை மட்டும் தனியாக இன்னொரு முறை பாருங்கள்.

படி 9: நல்லியல்பிலிருந்து விலகல்

மூலக்கூறுகளுக்குப் பருமனே இல்லை, அவற்றிடையே ஈர்ப்பும் இல்லை என்ற அனுமானத்தில் எழுந்தது இந்தச் சமன்பாடு. சாதாரண அழுத்தத்தில் இந்த அனுமானம் மிக நன்றாகவே வேலை செய்கிறது. 150 பாரில் அப்படியல்ல. ஆக்சிஜன் மூலக்கூறுகளின் ஈர்ப்பு அவற்றைச் சற்றே நெருக்கிவைக்கிறது. ஆகவே அதே அழுத்தத்தில், சமன்பாடு சொல்வதைவிட அதிக ஆக்சிஜன் உள்ளே அடங்கிவிடுகிறது.

இதைத் திருத்த அமுக்கத்திறன் காரணி என்ற எண் உண்டு. நல்லியல்பு வாயுவுக்கு அது 1. 300 கெல்வினிலும் 150 பாரை ஒட்டிய அழுத்தத்திலும் ஆக்சிஜனுக்குச் சுமார் 0.95. சமன்பாடு தந்த நிறையை இந்தக் காரணியால் வகுக்க வேண்டும்: 8.87 ÷ 0.95 = 9.3 கிலோ. வேறுபாடு ஏறத்தாழ ஐந்து சதவீதம். சிலிண்டர் எத்தனை மணி நேரம் வரும் என்று பார்க்கும்போது இந்தத் திருத்தத்தை விட்டுவிடலாம். விடை குறைவாக வருவது பாதுகாப்பான பக்கம்தான். வாங்குவதற்கும் விற்பதற்கும் கணக்குப் பார்க்கும்போது விடக் கூடாது.

ஹைட்ரஜனில் விலகல் எதிர்த்திசையில் செல்கிறது. அதே 150 பாரில் அதன் காரணி 1ஐத் தாண்டிவிடுவதால் சமன்பாடு உள்ளதைவிட அதிகமாகச் சொல்லும். ஆட்டோக்களில் வரும் சிஎன்ஜி இன்னும் கடுமையான எடுத்துக்காட்டு. 60 லிட்டர் தொட்டியில் 200 பாரில் மீத்தேன் என்று எடுத்துக்கொண்டால் சமன்பாடு 7.8 கிலோ என்கிறது. மீத்தேனின் காரணி அங்கே சுமார் 0.8, உண்மையில் ஒன்பது கிலோவைத் தாண்டும். இந்த இடத்தில் காரணியைப் பார்க்காமல் விடுவது சரியல்ல. பத்து பாருக்குக் கீழே, அறை வெப்பநிலையில், படி 1இல் சொன்ன, அழுத்தினாலும் திரவமாகாத வாயுக்களுக்குத் திருத்தம் இல்லாமலே போகலாம்.

ஒரு டன் என்றால் எத்தனை சிலிண்டர்?

ஒரு டி சிலிண்டரில் 9.3 கிலோ. ஆயிரம் கிலோவை அதனால் வகுத்தால் சுமார் 107 சிலிண்டர்.

நிமிடத்துக்கு 5 லிட்டர் ஆக்சிஜன் தேவைப்படும் ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். 5 லிட்டரை 24.6ஆல் வகுத்து 32ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 6.5 கிராம், ஒரு நாளைக்கு 9.4 கிலோ. ஏறக்குறைய ஒரு நாளைக்கு ஒரு டி சிலிண்டர். ஆகவே ஒரு டன் என்பது நூறு பேருக்குச் சற்று மேற்பட்டோருக்கு ஒரு நாள் மூச்சு. தேவை நிமிடத்துக்கு 15 லிட்டராக உயர்ந்தால் முப்பத்தைந்து பேருக்குத்தான் வரும். அன்றைய செய்திகளில் வந்த டன் எண்களை இந்தக் கணக்கோடு படித்திருந்தால் நிலைமையின் அளவு பொதுமக்களுக்கு இன்னும் தெளிவாகப் புரிந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சிலிண்டரின் ஒரு பகுதி செலவான பிறகு எவ்வளவு போயிற்று என்பதை அறியவும் இதே வழிதான். முள் 150லிருந்து 90க்கு இறங்கியிருக்கிறது, வெப்பநிலை மாறவில்லை என்றால் வேறுபாடான 60ஐ மட்டும் பாருக்கு மாற்றிப் போட்டால் போதும்: 58.8 × 46.7 ÷ 24.94 × 32 = சுமார் 3.5 கிலோ. இங்கே வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கூட்டத் தேவையில்லை. முன்னதிலும் பின்னதிலும் அது சமமாக இருப்பதால் கழித்தலிலேயே மறைந்துவிடுகிறது. வாயு வேகமாக வெளியேறும்போது சிலிண்டர் குளிர்ந்திருக்கும் என்பதால் சற்று நேரம் விட்டு முள்ளைப் படிப்பது நல்லது.

அறைக்குள் இருக்கும் காற்று

சிலிண்டர் இல்லாதவர்களும் செய்து பார்க்கக்கூடிய கணக்கு இது. 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் கொண்ட அறை, 36 கனமீட்டர். சென்னை, 30 டிகிரி, அதாவது 303 கெல்வின். அழுத்தம் 101325 பாஸ்கல்.

101325 × 36 ÷ (8.314 × 303) = 1448 மோல். 28.97ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 42 கிலோ. ஒன்றுமே இல்லை என்று நாம் நினைக்கும் அறைக்குள் ஒரு பெரிய அரிசி மூட்டையின் எடை இருக்கிறது.

இதே அறை சுமார் 2240 மீட்டர் உயரத்தில் உதகமண்டலத்தில் இருந்தால்? அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 77000 பாஸ்கல். 15 டிகிரி என்று கொள்வோம். குளிர் காற்றை அடர்த்தியாக்குகிறது, உயரம் இலேசாக்குகிறது. கணக்குப் போட்டால் 33.5 கிலோ. உயரம்தான் வெல்கிறது.

நீரின் மேல் சேகரித்த வாயு

பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் வாயுவை நீர் நிரம்பிய குழாயில் குமிழிகளாகச் செலுத்திச் சேகரிப்பது வழக்கம். குழாயின் உள்ளே நீர்மட்டமும் வெளியே தொட்டியின் நீர்மட்டமும் ஒன்றாக நிற்கும்படி குழாயை ஏற்றி இறக்கிச் சரிசெய்த பிறகே கனஅளவைப் படிக்க வேண்டும். அப்போதுதான் உள்ளழுத்தம் அறையின் காற்றழுத்தத்துக்குச் சமம். அதன் பிறகும் ஒரு கழித்தல் பாக்கி. சேகரித்த வாயுவோடு நீராவியும் கலந்திருக்கிறது. 30 டிகிரியில் நீராவியின் அழுத்தம் 4240 பாஸ்கல்.

240 மில்லிலிட்டர் ஆக்சிஜன் சேகரித்திருந்தால் உலர்ந்த ஆக்சிஜனின் அழுத்தம் 101300 − 4240 = 97060 பாஸ்கல். நிறை 0.296 கிராம். கழிக்க மறந்தவர்களுக்கு 0.309 கிராம் வரும். வெப்ப நாடுகளில் நீராவியின் பங்கு கூடுதல் என்பதால் குளிர்நாட்டுப் புத்தகத்தில் உள்ள நீராவி அழுத்தத்தை அப்படியே எடுத்தாளாமல், அன்றைய நீரின் வெப்பநிலைக்குரிய எண்ணை அட்டவணையில் பார்த்து எடுக்க வேண்டும்.

சமன்பாட்டைத் திருப்பிப் போட்டால்

நிறை தெரியும், வாயு எது என்று தெரியாது என்ற நிலையில் இதே வரியிலிருந்து மோலார் நிறையைக் காணலாம்:

மோலார் நிறை = (நிறை × வாயு மாறிலி × வெப்பநிலை) ÷ (அழுத்தம் × கனஅளவு)

வெற்றிடமாக்கிய கண்ணாடிக் குடுவையை எடைபோட்டு, வாயு நிரப்பி மீண்டும் எடைபோட்டால் நிறை கிடைத்துவிடும். 1890களின் தொடக்கத்தில் ராலே பிரபு நைட்ரஜனை இப்படி எடைபோட்டார். காற்றிலிருந்து மற்ற வாயுக்களை நீக்கிப் பெற்ற நைட்ரஜன் லிட்டருக்கு 1.257 கிராம், அம்மோனியா போன்ற சேர்மங்களிலிருந்து பெற்றது 1.250 கிராம். வேறுபாடு அரை சதவீதம். இதைச் சோதனைப் பிழை என்று அவர் தள்ளிவிடவில்லை. வில்லியம் ராம்சேயுடன் சேர்ந்து தேடியதில் 1894இல் ஆர்கான் கிடைத்தது; 1904இல் ராலேவுக்கு இயற்பியலிலும் ராம்சேவுக்கு வேதியியலிலும் நோபல் பரிசு வந்தது.

நாமே சரிபார்க்கலாம். காற்றில் நைட்ரஜன் 78.08 சதவீதம், ஆர்கான் 0.93 சதவீதம். ஆக்சிஜனையும் மற்றவற்றையும் நீக்கிவிட்டால் எஞ்சுவதில் ஆர்கானின் பங்கு 1.18 சதவீதம். நைட்ரஜனின் 28.01ஐயும் ஆர்கானின் 39.95ஐயும் இந்த விகிதத்தில் கலந்தால் சராசரி மோலார் நிறை 28.15. தூய நைட்ரஜனின் 28.01உடன் ஒப்பிட்டால் அரை சதவீதம் அதிகம்.